அமாவாசையன்று எடுத்த கணக்கு

திட்டப் படங்களில் வரைந்திருக்கும் மரங்களை நம்பாதீர்கள். நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். அந்த மரங்கள் நம் பக்கத்தில் எங்கேயும் வளர்வதில்லை. அவற்றின் கீழே நடந்து போகிற மனிதர்களையும் நான் இந்த ஊர்களில் பார்த்ததில்லை. ஒருவர் கையிலும் பை இருக்காது, ஒருவர் தலையிலும் கூடை இருக்காது, யாருக்கும் வியர்க்காது. நாய்கூடச் சங்கிலியோடுதான் போகும். அப்படி ஒரு படத்தை உங்கள் மேசையில் விரித்துக் கையெழுத்து கேட்டால், முதலில் பேனாவை மூடி வையுங்கள்.

நான் நகரமைப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது திண்டிவனத்தில் வீட்டோடு இருக்கிறேன். கடைசியாக வேலை பார்த்த நகராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். விழுப்புரத்துக்கும் பஸ் உண்டு, திண்டிவனத்துக்கும் பஸ் உண்டு, அவ்வளவு போதும். அலுவலகத்தில் எனக்குப் பின்னால் ‘சந்தேகக் கேஸ் மேடம்’ என்று பேசிக்கொள்வார்களாம். அது என் காதுக்கு வந்ததும், முதலில் சொன்னது யார் என்று விசாரித்தேன். அதையும் சேர்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் இந்த வேலையில் சந்தேகம் ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை. டேப்பைப் பிடித்து ஒரு தெருவை அளந்தவள் அதன்பிறகு அந்தத் தெருவில் சாதாரண மனுஷியாக நடக்க முடியாது. விடுமுறை நாளில் தக்காளி வாங்கப் போனால்கூட, என்னைப் பார்த்ததும் கடை கடையாகத் தார்ப்பாயை உள்ளே இழுப்பார்கள். சாலையில் நீட்டியிருந்த பலகை சட்டென்று சுருங்கும். “இன்னா மேடம், ஒண்ணும் இல்லீங்களே?” என்று கேட்டுக்கொண்டே நல்ல தக்காளியாகப் பொறுக்கிப் போடுவார்கள். எனக்கு அந்தத் தக்காளி ருசித்ததே இல்லை. வீட்டுக்காரரை அனுப்பி வாங்கிவரச் சொல்வேன். அவருக்கு அழுகினதுதான் கிடைக்கும், அதில் எனக்கு ஒரு நிம்மதி.

சரி, சங்கதிக்கு வருகிறேன். நடுவூரைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்று எங்கள் நகராட்சிக்கு வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டையும் அதை ஒட்டிய மார்க்கெட்டையும் இடித்துவிட்டு, வளாகம், வண்டி நிறுத்துமிடம், நடைபாதை, நீரூற்று எல்லாம் கட்டுவதாகத் திட்டம். தேவை இல்லை என்று நானே சொல்ல மாட்டேன். மழை பெய்தால் அந்த மார்க்கெட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், மேற்கூரை எப்போது யார் தலையில் விழும் என்று தெரியாது. சென்னையிலிருந்து ஓர் ஆலோசனைக் கம்பெனி வந்து, அங்கே யார் யார் வியாபாரம் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் படமும் வரைந்தது. அந்தக் கணக்கில் இருக்கிறவர்களுக்குத்தான் புதுக் கட்டடத்தில் இடம். இல்லாதவர்கள், இடிக்க வண்டி வருகிற அன்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வியாபாரிகளுக்குப் படத்தைக் காட்ட நகராட்சிக் கூட்ட அறையில் ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்வரிசையில் கவுன்சிலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மரங்கள் வந்தன, நாய் வந்தது. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். படம் ஓடி முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து அஞ்சலை எழுந்தார்.

அஞ்சலை கருவாடு விற்கிறவர். மார்க்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு மண் சந்து உண்டு. அங்கே கோணி விரித்து, மரக்காணத்துப் பக்கமிருந்து வரும் கருவாட்டை வைத்து விற்கும் பெண்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் இவர் பழைய ஆள். புருஷன் காலமாகிவிட்டார். மகன் செங்கல் சூளையில் சுமை தூக்கி முதுகு போய் வீட்டோடு கிடந்தான். அந்தக் கோணி விரிக்கிற இடத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

“தம்பி, எங்க சந்து இதுல எங்க வருது?” என்றார்.

படம் காட்டிய இளைஞர் பணிவாகத்தான் பதில் சொன்னார். “அது காலி இடம்மா. அங்கதான் நீரூற்று வருது. உக்கார பெஞ்சும் போடறோம்.”

“காலி இடமா? நாங்க அங்கதானே உக்காந்துக்கினு இருக்கோம்?”

“சர்வே பண்ணப்போ யாரும் இல்லீங்களே. போட்டோவே இருக்குது, பாருங்க.”

திரையில் சந்து வந்தது. காலியாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு நாய் சங்கிலி இல்லாமல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அஞ்சலை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்போ நான் பொய் சொல்றேன், இல்ல மேடம்?” என்று கேட்டார். கணக்கெடுத்த அன்று நான் ஊரிலேயே இல்லை.

அடுத்த படம் அதே நாளில் எடுத்த கடைத்தெரு. நல்ல வெயிலில் எடுத்த அழகான படம். அதில் ஜவுளிக்கடை வாசல், மருந்துக்கடை வாசல், மளிகைக்கடை வாசல் எங்கும் சிவப்பாகவும் வெள்ளையாகவும் ஏதோ சிதறிக் கிடந்தது. அதற்கு ஓர் அம்புக்குறி போட்டு, ‘திடக்கழிவு மேலாண்மைக் குறைபாடு’ என்று எழுதியிருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய். ஒன்று இரண்டு அல்ல, கடைக்குக் கடை.

சென்னைக்காரர்களுக்கு அது தெரியாததல்ல. படம் வரைகிற அவசரத்தில் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. எங்கள் கடைத்தெருவில் கடைக்குக் கடை திருஷ்டிப் பூசணி உடைவது அமாவாசைக்குத்தான். அமாவாசையன்று முன்னோருக்குப் படைக்கிற வீட்டில் யார் கருவாடு வாங்குவார்கள்? அன்று அந்தச் சந்துக்குப் போனால் நாய்தான் இருக்கும். கருவாட்டுக்காரப் பெண்கள் முந்தின நாளே மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, கணக்கெடுக்க அந்த நாளைக் குறித்துக் கொடுத்தது யார்?

விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. “கவுன்சிலர்தான் மேடம் அந்த டேட்டு குடுத்தாரு” என்றார் எங்கள் அலுவலக உதவியாளர். மார்க்கெட் இருக்கும் வார்டின் கவுன்சிலர். அவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை இருந்தது. அந்தக் கடையின் பின்சுவர் கருவாட்டுச் சந்தில்தான் முடியும். பட்டுப்புடவையில் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று வாங்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அவர் என்னிடமே பலமுறை குறைப்பட்டிருக்கிறார். சந்து போய் நீரூற்று வந்தால், அவர் கடைக்குப் பின்னாலும் ஒரு வாசல் கிடைக்கும். நான் முடிச்சுப் போட வேண்டிய வேலையே இல்லாமல் எல்லாம் முடிச்சுப் போட்டே கிடந்தது.

இன்னொன்றும் இருந்தது. கணக்கெடுத்த நாளில் என்னை விழுப்புரத்துக்கு, கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கு அனுப்பியவர் எங்கள் நகராட்சி ஆணையர். என் வேலைக்கும் அந்தக் கூட்டத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஆக, அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அன்றிரவு சாப்பிடும்போது வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அவ்வளவு முற்றிப் போயிருந்தது.

மறுநாள் ஆணையர் அறைக்குப் போனேன். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் மாதிரி தெரிவார். வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு தட்டில் வைத்து உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் தட்டை நகர்த்தினார். நான் எடுக்கவில்லை. பூசணிக்காயில் ஆரம்பித்து, ஜவுளிக்கடைப் பின்சுவர் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். கவுன்சிலர் மேல் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கடைசிவரைக்கும் குறுக்கே பேசவில்லை.

“மேடம், நீங்க சொல்றது எல்லாமே பொருந்துது. அதான் எனக்கு பயமா இருக்குது” என்றார்.

“இதுல பயப்பட என்ன சார் இருக்குது?”

“அவரைக் கூப்பிட்டு ஏன்யா அந்த நாள் குடுத்தேன்னு கேட்டா என்ன சொல்வாரு? நிறைஞ்ச அமாவாசை சார், நல்ல காரியம் ஆரம்பிக்க நல்ல நாள்னு சொல்வாரு. சபையில ஒருத்தர் அதைத் தப்புன்னு சொல்ல முடியுமா? உங்க வீட்டுல போர்வெல் எப்போ போட்டீங்க?”

அமாவாசையன்றுதான் போட்டோம். நானேதான் நாள் பார்த்தேன்.

“வேணும்னே பண்ணாரா, பக்தியில பண்ணாரான்னு அவரு மனசைப் பொளந்தா பாக்க முடியும்? உங்களை விழுப்புரம் அனுப்பினது நான். என்னையும் சேத்து நினைச்சிக்கினுதானே உள்ள வந்தீங்க?”

“ஆமாம் சார்.”

அவர் சிரித்துவிட்டார். “நல்லது. நினைங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க மேடம். நீங்க அவரைப் பிடிக்கணுமா, அந்த அம்மாவுக்கு இடம் வாங்கணுமா? ரெண்டும் ஒண்ணா நடக்காது. அவரைப் பிடிக்கப் போனீங்கன்னா, அவரு கட்சி, இவரு கட்சின்னு ஆயிடும். கருவாட்டுக்காரங்களை அப்பால யாரும் நினைக்க மாட்டாங்க.”

அந்த ஆணையரைப் பற்றி எனக்கு இன்றுவரைக்கும் முழு நம்பிக்கை வந்ததில்லை. கவுன்சிலரைப் பகைத்துக்கொள்ளப் பயந்துதான் அப்படிச் சொன்னாரோ என்றும் தோன்றும். ஆனால் சொல்கிறவர் யோக்கியரா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னதைக் கேட்பேன் என்றால், நம் வேலையில் நல்ல யோசனையே கிடைக்காது. புகாரை எழுதவில்லை. மல்லாட்டையை எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.

நகர்மன்றக் கூட்டம் வந்தது. திட்டத்துக்குத் தீர்மானம் போட வேண்டிய நாள். எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள், மதியச் சாப்பாட்டு வாசம் வேறு வந்துகொண்டிருந்தது. தலைவர் அம்மா நிமிர்ந்து, “சர்வே முடிஞ்சிச்சு இல்ல?” என்று பொதுவாகக் கேட்டார்.

“முடிஞ்சிச்சும்மா. மேடம் சரிபார்த்து கையெழுத்து போட்டுட்டா ஆச்சு” என்றார் கவுன்சிலர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ‘எந்த நாளில் எடுத்தது என்று அவரைக் கேளுங்கள்’ என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? சொல்லியிருந்தால் எனக்கு மனசு குளிர்ந்திருக்கும். இத்தனை வருஷம் வாங்கின பெயருக்கும் பொருத்தமாக இருந்திருக்கும். அஞ்சலையின் முகம் நினைவுக்கு வந்ததால்தான் அடக்கினேன்.

எழுந்து நின்று, “கவுன்சிலர் ஐயா நல்ல நாள் பாத்துக் குடுத்தாருங்க. நிறைஞ்ச அமாவாசையில சர்வே ஆரம்பிச்சிருக்கோம். ஆரம்பிச்ச வேலையை வர்ற ஞாயித்துக்கிழமை முடிச்சிடறோம்மா. அன்னிக்கு மார்க்கெட் முழுசா இருக்கும்” என்றேன்.

அமாவாசையில் ஒரு வேலையை ஆரம்பிப்பார்கள். யாரும் முடிக்கிறதற்கு அமாவாசை பார்ப்பதில்லை. ‘இல்லை, அன்றே முடிந்துவிட்டது’ என்று கவுன்சிலர் சொன்னால், நல்ல நாள் பார்த்தேன் என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிடும். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரித்தார். “அதான் கரெக்ட்டு. ஆரம்பிச்சாச்சு, முடிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்” என்றார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. வழக்கமாக இருக்கிற வரிசை அல்ல அது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சுவரோரம், சாக்கடையோரம், ஆளை ஒட்டி ஆள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கோணி, தட்டு, பக்கத்தில் மடக்கி வைத்த பெரிய குடை. கணக்கெடுக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், அக்கா, தங்கச்சி, நாத்தனார் என்று எல்லோரும் வந்து இறங்கிவிட்டார்கள். அஞ்சலைக்குப் பக்கத்தில் அவருடைய மருமகள் தனியாக ஒரு கோணியில், ஒரு கைப்பிடி நெத்திலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

கவுன்சிலர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். சந்தோஷமாக இருந்தார்.

“பாத்தீங்களா மேடம்? அமாவாசைக்கு ஒருத்தரும் இல்ல. இன்னிக்குத் திருவிழா கூட்டம். எது நெசம்? இத்தைக் கொண்டுபோய் சபையில போட்டுக் காட்டினா, ரெண்டாவது சர்வே செல்லாதுன்னுடுவாங்க. அப்புறம் முதல்ல எடுத்ததுதான் நிக்கும்.”

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். யாருக்காக நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேனோ, அவர்களே என் காலை வாரிவிட்டார்கள். நேராக அஞ்சலையிடம் போய்க் குனிந்தேன்.

“அஞ்சலைம்மா, இன்னா வேலை இது? மருமகளை எழுந்திரிக்கச் சொல்லுங்க. இவளால உங்க இடமும் சேர்ந்து போயிடும்.”

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“இத்தனை வருஷமா இங்க நான் ஒருத்தியா இருந்தேன். போன தபா நீங்க இல்லேன்னு எழுதினீங்க. அதான் இந்த தபா ரெண்டா உக்காந்துக்கினோம். ஒண்ணை அடிச்சாலும் ஒண்ணு மிஞ்சும் இல்ல மேடம்?”

என்னைச் சந்தேகக் கேஸ் என்கிறார்களே, எனக்குக்கூட இப்படி யோசிக்கத் தோன்றியதில்லை. எனக்குச் சந்தேகம் ஒரு பழக்கம். அவருக்கு அது சோறு. ஆனால் அங்கே உட்கார்ந்து அழவா முடியும்? கவுன்சிலரின் செல்போன் ஓடிக்கொண்டே இருந்தது.

யார் பழைய ஆள், யார் நேற்று வந்தவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டால், எல்லோரும் பழைய ஆள் என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவரும் ஆமாம் என்பார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, “வெயில் வந்துடுச்சு இல்ல, எல்லாரும் குடையை விரிங்க” என்றேன்.

அந்தச் சந்தில் தினமும் உட்காருகிறவர்களுக்கு மண்ணில் ஒரு குழி உண்டு. குடைக் கம்பை நட்டு நட்டு ஆழமான குழி. மேலே மண் மூடியிருந்தாலும் அவர்கள் கைக்குத் தெரியும். அஞ்சலை பேச்சு வாக்கில் குடையைத் தூக்கிச் செருகினார், அது நின்றது. வரிசையில் அங்கங்கே அதேபோல் குடைகள் எழுந்தன. மற்றவர்கள் குடையை விரித்துவிட்டு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் மண்ணைக் கம்பால் குத்திப் பார்த்தார்கள். அஞ்சலையின் மருமகள் ஒரு கையில் குடையும் ஒரு கையில் மூக்குமாக நின்றாள். சந்தில் முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “போதும், வா, எங்கிட்ட வந்து உக்காரு” என்றார்.

குடை நட்டவர்களை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். சந்துக் கோடியில், ஜவுளிக்கடைப் பின்சுவரை ஒட்டி ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். குடையும் இல்லை, குழியும் இல்லை. நான் அவரைத் தாண்டி நடந்தேன்.

“மேடம், அவங்களை விட்டுட்டீங்களே” என்றார் கவுன்சிலர்.

“குடை நடலையே சார்.”

“அவங்களுக்கு எதுக்குக் குடை? எங்க சுவரு நிழல்ல உக்காந்துக்கினு இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு எப்பவும் இங்கதான். எங்க வீட்டுக்குக் கருவாடே அவங்க கிட்டதான். எழுதுங்க, அவங்க நெசம்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சோதனையிலும் ஓட்டை இருந்தது, அவர் அதை அடைத்தார். ஆனால், எப்பவும் இங்கதான் என்றாரே! அப்படியானால் கூட்ட அறையில் அந்தக் காலிச் சந்தின் படம் திரையில் ஓடியபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவருக்கு இந்த அம்மாள் தினமும் இங்கே இருப்பது தெரியும். அஞ்சலை எழுந்து நின்று கேட்டபோதும் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தேடிக்கொண்டிருந்தது தானாக என் கைக்கு வந்துவிட்டது. அவருடைய வாயாலேயே, அவருடைய செல்போனிலேயே பதிவாகியிருந்தது. அப்போது அவரும் அதை உணர்ந்தார் என்று நினைக்கிறேன். கையிலிருந்த செல்போனை மெதுவாகக் கீழே இறக்கினார். என்ன கேட்கப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தார்.

நான் கேட்கவில்லை. “சரிங்க சார், எழுதிக்கிறேன்” என்று சொல்லி அந்த அம்மாளின் பெயரை எழுதினேன். கவுன்சிலர் அந்த வீடியோவை எந்தச் சபையிலும் காட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் கருவாட்டுக்காரர்களுக்கும் இடம் என்ற தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அதை வழிமொழிந்தவர் அவர்தான்.

இளைய நண்பர்களே, உங்களில் சிலருக்கு இது கோழைத்தனமாகப் படும். எனக்கே சில நாள் அப்படித்தான் படுகிறது. கேட்டிருக்கலாமே என்று இப்போதும் கை துறுதுறுக்கும். ஆனால் கேட்டிருந்தால் அவர் அந்தச் சந்துக்குப் பகையாளி ஆகியிருப்பார். அதற்கு விலை கொடுக்கப்போவது நான் அல்ல. எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்திருக்கும். சந்தேகப்படுங்கள், தாராளமாகப் படுங்கள். ஆனால் ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நாளைச் சந்தேகப்படுங்கள். எந்தக் கணக்கு வந்தாலும், அது என்ன கிழமை, என்ன திதி, அன்று யார் வீட்டில் இருந்தார்கள், யார் வெளியே போயிருந்தார்கள் என்று பாருங்கள். ஆள் தப்பித்துக்கொள்ள ஆயிரம் சாக்கு வைத்திருப்பான். நாளுக்கு அப்படிச் சாக்குச் சொல்லத் தெரியாது.

வளாகம் கட்டி முடிந்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மரங்கள் வரவில்லை, எதிர்பார்த்ததுதான். நீரூற்று சில நாள் ஓடி நின்றுபோனது, அதுவும் எதிர்பார்த்ததுதான். கருவாட்டுக்காரர்களுக்குப் பின்பக்கம் சிமெண்ட் மேடை கட்டி, மேலே தகரம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மழையில் நனைய வேண்டியதில்லை. அதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

சில மாதங்களுக்கு முன்னால் விழுப்புரம் போய்விட்டு வரும் வழியில் அந்த ஊரில் இறங்கினேன். கடைத்தெருவில் கால் வைத்த இடமெல்லாம் பூசணிக்காய். அமாவாசை. சந்து இருந்த பக்கம் சும்மா எட்டிப் பார்த்தேன். மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன்.

ஆனால் வரிசை முழுக்க இருந்தது. ஒருவர் தட்டிலும் ஒரு துண்டு கருவாடு இல்லை. காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“இன்னாம்மா, மலையனூர் போகலையா?” என்றேன்.

“போயி ரொம்ப நாளாச்சுங்க மேடம். அமாவாசைக்கு யாரும் போறதில்ல.”

“வியாபாரமும் இல்ல. அப்புறம் எதுக்கு இங்க வந்து உக்காந்துக்கினு இருக்கீங்க?”

மாதத்துக்கு அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு போவார்கள். இடம் வாங்கிக் கொடுத்தேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த நாள் அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது எனக்குத் தெரியாது.

அஞ்சலை காலித் தட்டை முந்தானையால் துடைத்து நேராக வைத்தார். “எப்போ யாரு எண்ண வருவாங்கன்னு தெரியாது இல்லீங்க?” என்றார்.